கொடுக்கச் சென்றவர் பெற்றது

அயல்நாட்டில் ஓராண்டோ ஈராண்டோ தொண்டு புரிந்துவிட்டுத் தாயகம் திரும்புகிறவர்களைப் பார்த்து, "அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளியில் பாடம் சொன்னேன், கிணறு வெட்டினேன், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தேன் என்று அவர்கள் விடை கூறுவார்கள். கூறிவிட்டுச் சற்றே தயங்கி, "உண்மையைச் சொன்னால், நான் கொடுத்ததைவிடப் பெற்றதே மிகுதி" என்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் இதனையே சொல்லுகிறார்கள். எல்லோரும் சொல்லுவதனாலேயே நாமும் இதனை ஓர் உபசார வார்த்தையாக எண்ணி விட்டுவிடுகிறோம். விருந்துண்டு எழுந்தவர், "சாப்பாடு மிக நன்றாயிருந்தது" என்று சொல்லுவதைப் போல இதுவும் ஒரு மரியாதைப் பேச்சுத்தான் போலும் என்று நினைத்துக்கொள்ளுகிறோம்.

மாணவ நண்பர்களே! அந்த வார்த்தையை இன்று சற்று உரைத்துப் பார்க்க விரும்புகிறேன். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் ஊரிலே பிறந்த ஒருவர், குடம் சுமந்தால்தான் தண்ணீர் என்றிருக்கும் ஊருக்குப் போகிறார். கொசுக்கடி, காய்ச்சல், வயிற்றுக்கு ஒவ்வாத உணவு, புரியாத மொழி, வாரக்கணக்கில் வராத கடிதம் எல்லாவற்றையும் அனுபவிக்கிறார். அப்படியிருக்க, அவர் பெற்றது யாது? யாரிடமிருந்து பெற்றார்? உடல் மெலிந்து திரும்புகிறவர் உள்ளத்தில் நன்றி எங்கிருந்து வந்து சேருகிறது?

இந்தக் கேள்விக்கு நம் மொழியே ஒரு வழி காட்டுகிறது. இன்று நாம் கடிதத்தின் முடிவில் எழுதுகிற 'நன்றி' என்னும் சொல், பழந்தமிழில் நன்மை என்ற பொருளிலேயே வழங்கியது. ஒருவர் நமக்குச் செய்த நன்மை 'செய்ந்நன்றி'. அதனை மறவாது உணர்ந்திருத்தல் 'செய்ந்நன்றி அறிதல்'. திருவள்ளுவர் தம் நூலின் 11ஆம் அதிகாரத்துக்கு இட்ட பெயரும் அதுவே. அறிதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். நமக்கு நன்மை செய்யப்பட்டது என்பதே கண்ணில் படவில்லையானால் மனம் எதை உணர்ந்து உருகும்? நம் வீட்டிலே இருக்கும்போது நமக்கு நன்மை செய்யும் கைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் குழாயில் வருகிறது. அரிசி பையில் வருகிறது. வெளிச்சம் சுவரிலுள்ள பொத்தானிலிருந்து வருகிறது. அவற்றுக்குப் பின்னே எத்தனையோ மனிதர்கள் உழைக்கிறார்கள். ஆனால் அவர்களுள் ஒருவர் முகமேனும் நமக்குத் தெரியுமா? அயலூரில் குடிசை வாசலில் ஒரு குடம் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டுப் போகும் பெண்ணுக்கோ முகம் இருக்கிறது. அவள் இன்று வரவில்லையானால் இன்று தண்ணீர் இல்லை. இவ்வாறு, வாழ்க்கையில் வசதி குறையக் குறைய, நம்மைத் தாங்கும் கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.

அயல்நாட்டுத் தொண்டு என்னும் ஏற்பாடு உலகில் மிகப் பழையது அன்று. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், பியேர் செரசோல் என்னும் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர், பிரான்சில் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே எஸ்ன் என்னும் சிற்றூரிலே, இடிந்த ஊரைச் சீர்படுத்தச் சில தோழர்களோடு முகாம் அமைத்தார். போரிலே பகைவராய் நின்ற ஜெர்மானியரும் அவர்களுள் இருந்தனர். 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பூகம்பம் குலைத்தபோது, அவரே கடல் கடந்து வந்து, முசாபர்பூர் மாவட்டத்துக் கிராம மக்களோடு சேர்ந்து, அழிந்த குடியிருப்புகளை மீண்டும் எழுப்பும் வேலையில் ஈடுபட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய தந்தையார் 1873இல் ஸ்விட்சர்லாந்தின் தலைவராக இருந்தவர். மகனோ பீகாரின் வெயிலிலே மண்வெட்டி பிடித்தார். இதைப் படிக்கும்போது மதுரையிலே பிட்டுக்கு மண் சுமந்த பெருமானின் கதை நமக்கு நினைவு வரத்தான் செய்யும். அந்தக் கதையில் ஒரு நுட்பம் உண்டு. வந்திக் கிழவியின் பங்கை அடைக்க வந்த கூலியாள் இலவசமாக வேலை செய்யவில்லை. அவள் அவித்த பிட்டைக் கூலியாகக் கேட்டு வாங்கி உண்டான். உதவ வந்தவன், உதவி பெறுபவளின் கையால் ஒன்றை வாங்கிக்கொண்டான். இதை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் இவ்விடத்துக்கு வருவோம்.

பின்னர் 1958இல் பிரிட்டனில், அயல்நாடுகளுக்கு இளைஞரை அனுப்பும் தொண்டு அமைப்பு ஒன்று தோன்றியது. 1961 மார்ச் 1ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி ஓர் ஆணையின் மூலம் சமாதானப் படையை நிறுவினார். படை என்பது பெயரளவில்தான். ஆயுதம் ஏதும் கிடையாது. ஆசிரியர், செவிலியர், உழவுத் தொழில் தெரிந்தவர் முதலியோர், அழைத்த நாட்டிலே ஏறக்குறைய ஈராண்டு தங்கி, அங்குள்ள எளிய மக்களைப் போல வாழ்வதற்குப் போதுமான படியை மட்டும் பெற்றுக்கொண்டு வேலை செய்வர். அதே ஆண்டு டிசம்பரில் அப்படையின் முதற்குழு இந்தியாவுக்கு வந்து பஞ்சாபில் பணி தொடங்கியது. 1976இல் இந்தியாவில் அத்திட்டம் முடிவுற்றது. அதற்குள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே வந்து பணியாற்றிச் சென்றனர். அமெரிக்கச் சட்டம் இப்படைக்கு மூன்று நோக்கங்களை வகுத்தது. தேவையுள்ள நாடுகளுக்குப் பயிற்சி பெற்றவர்களை அளித்து உதவுவது முதலாவது. அந்நாட்டு மக்கள் அமெரிக்கரை அறிந்துகொள்ளச் செய்வது இரண்டாவது. மூன்றாவது நோக்கம், அமெரிக்கர்கள் பிற மக்களை அறிந்துகொள்ளுவது. அந்த மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

தொண்டர்கள் படும் துன்பங்களைப் பற்றி நாம் கற்பனை செய்யும்போது, புலியையும் புயலையும் நினைக்கிறோம். அவர்களுடைய குறிப்புகளைப் பார்த்தால் துன்பங்கள் யாவும் சின்னஞ்சிறியவையாக இருக்கும். ஈரம் உலராத துணி. எறும்பு மொய்த்த சர்க்கரை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத பேருந்து. தனியாகச் சற்று உட்கார இடமில்லாமை. இவற்றுள் எதுவும் ஒருவரைக் கொன்றுவிடாது. நாள்தோறும் வருவதனால் மட்டுமே இவை பெருந்துன்பம் ஆகின்றன. இவை எல்லாவற்றிலும் பெரியது மொழித் துன்பம் என்பது என் கருத்து. தன் நாட்டிலே பட்டம் பெற்று, நாலு பேர் மதிக்க வாழ்ந்தவர், இங்கே உப்பு வேண்டும் என்பதைக்கூடக் கையால் காட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை அவர் பேச்சைத் திருத்துகிறது, ஊரார் சிரிக்கிறார்கள். பிறருக்குக் கற்பிக்க வந்தவர் மாணவராகி நிற்கிறார்.

நம் நாட்டிலிருந்து சென்ற ஒருவரே இதற்கு நல்ல சான்று. ஜப்பானியப் படையெடுப்பால் சீனா அல்லலுற்ற காலத்தில், 1938இல், இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர்களுள் சோலாப்பூரில் பிறந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ் ஒருவர். அவர் வடசீனத்தின் மலைப்பகுதிகளில், போர்முனைக்கு அருகே அறுவைச் சிகிச்சை செய்தார். சீன மொழியைப் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டு, அம்மொழியிலேயே மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவ்வாறு பாடம் நடத்தும் நிலையை எய்துமுன் எத்தனை சீனச் சிறுவர்களிடமும் நோயாளிகளிடமும் அவர் மாணவராய் இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அங்கேயே ஒரு சீனச் செவிலியரை மணந்தார். பிறந்த மகனுக்கு இந்தியா, சீனா என்ற இரு நாட்டின் பெயர்களையும் இணைத்து இன்ஹுவா என்று பெயர் சூட்டினர். 1942 டிசம்பர் 9ஆம் நாள், 32ஆம் வயதிலே கோட்னிஸ் அங்கேயே காலமானார். சீனத் தலைவர்கள் இந்தியாவுக்கு வரும்போது அவர் குடும்பத்தாரைக் கண்டு செல்லுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

எல்லோரும் இவ்வாறு மாணவராகிவிடுவதில்லை. சமாதானப் படை தொடங்கிய 1961ஆம் ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவின் இபாதான் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் அமெரிக்கத் தொண்டர் சிலர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஓர் இளம்பெண், ஊரிலுள்ள நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். ஊரின் அழுக்கையும், மக்கள் தெருவிலேயே சமைத்துத் தெருவிலேயே வாழ்வதையும் கண்டு தாம் அடைந்த அதிர்ச்சியை அதில் கொட்டியிருந்தார். அட்டை தபால் பெட்டியைச் சேருமுன் கைதவறி விழுந்தது. அதை நைஜீரிய மாணவர் ஒருவர் எடுத்துவிட்டார். படிகள் எடுக்கப்பட்டுக் கல்லூரி முழுவதும் பரவின. மாணவர்கள் கொதித்தெழுந்து கூட்டம் கூட்டிக் கண்டித்தனர். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாடு திரும்ப நேர்ந்தது.

அவர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. வந்து சில நாட்களே ஆன ஒருவர், கண்டதைக் கண்டபடி ஒரு நண்பருக்கு எழுதினார், அவ்வளவுதான். எனினும் அந்த மாணவர்களின் சினமும் நியாயமானதே. விருந்தாளியாக வந்தவர் கண்ணுக்கு வீட்டிலே இல்லாதவை மட்டும் தெரிந்தன, இருந்தவை தெரியவில்லை. தெருவிலே சமைக்கிறவர்களைப் பார்த்தவர், அவர்கள் சமைத்ததை அவர்களோடு அமர்ந்து உண்டிருந்தால் அட்டையில் வேறு ஏதேனும் எழுதியிருக்கக்கூடும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுவோம். வறுமையைக் கண்டு திரும்பியவர்களிடம் இரண்டு வகை நன்றியுணர்ச்சிகளைக் காணலாம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதால் வருவது. 'இவர்களுக்குச் செருப்பில்லை, எனக்கு இருக்கிறது. இவர்களுக்கு மருத்துவர் இல்லை, என் ஊரில் இருக்கிறார். நான் எவ்வளவு பாக்கியசாலி!' என்று எண்ணுவது. இது தவறான எண்ணம் என்று சொல்லமாட்டேன். உண்ணும் சோற்றை வீணாக்காதிருக்க இது உதவலாம். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. இந்த உணர்ச்சி நிலைத்திருக்க வேண்டுமானால் அடுத்தவர் செருப்பில்லாமலே இருந்தாக வேண்டும். அவருடைய வறுமை, என் மகிழ்ச்சியை அளக்கும் படிக்கல் ஆகிவிடுகிறது. மேலும், இந்த நன்றி யாரை நோக்கியது? செருப்பில்லாத அந்த மனிதருக்கு நான் எதற்காகவும் கடன்பட்டதாக இதில் இல்லையே! ஊர் திரும்பிச் சில வாரங்களில் பழைய சௌகரியங்கள் பழகிப்போனதும் இது ஆவியாகிவிடுவதில் வியப்பில்லை.

மற்றொரு வகை நன்றி, பெற்றுக்கொண்டதனால் வருவது. அதற்கு ஒரு முகமும் பெயரும் உண்டு. 'இன்னார் எனக்கு இன்னது செய்தார்' என்று சொல்ல முடியும். இந்த நன்றி எவ்வாறு பிறக்கிறது என்பதை விளக்க, பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் பணியாற்றிய ஓர் அம்மையாரின் வரலாற்றைச் சொல்லுகிறேன்.

லில்லியன் கார்ட்டர் என்பது அவர் பெயர். 1898 ஆகஸ்டு 15ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்திலே பிறந்தார். செவிலியர் பயிற்சி பெற்றார். பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் நிலக்கடலை விளைவிக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். நான்கு மக்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்காரவும் கூடாது என்றிருந்த அந்த ஊரில், கறுப்பின மக்களின் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தவர் அவர். 1953இல் கணவர் இறந்தார். மக்கள் வளர்ந்து தத்தம் வழியே போயினர். 1966இல் ஒருநாள் தொலைக்காட்சியில், சமாதானப் படைக்கு வயது ஒரு தடை அன்று என்ற விளம்பரத்தைக் கண்டார். விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டார். சிக்காகோவில் பயிற்சி, மராத்தி மொழிப் பாடம். அவ்வாண்டின் இறுதியில் இந்தியப் பயணம். அப்போது அவருக்கு வயது 68. நம் நாட்டில் அந்த வயதுப் பெண்மணிகள் பேரப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு காசிக்குப் போவதா இராமேசுவரத்துக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிற்சாலைகளைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கேதான் அவருக்கு வேலை. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தில் ஈடுபடுத்தினர். அதில் அவர் மனம் ஒட்டவில்லை. பிறகு அங்கிருந்த மருத்துவ விடுதியில் செவிலியராகப் பணி புரிந்தார். வரிசை வரிசையாக வரும் நோயாளிகள், வெயில், பழகாத உணவு, கையில் எண்ணிச் செலவழிக்க வேண்டிய காசு. ஜார்ஜியாவிலே வேலையாட்களும் மோட்டாரும் தொலைபேசியுமாக வாழ்ந்தவருக்கு இவை எளியவை அல்ல. அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் 1977இல் நூலாக வெளிவந்தன.

அந்த விடுதிக்கு ஒருநாள் தொழுநோய் கண்ட சிறுமி ஒருத்தி வந்தாள். புண்களை மறைத்துக்கொண்டு கதவோரமாக நுழைந்தாள். அம்மையார் அறியாமலே விலகிப் போனார். மருத்துவரோ, இவளை நீங்களே கவனியுங்கள் என்று அவரிடமே ஒப்படைத்துவிட்டார். முகமூடி ஒன்றைத் தேடி அணிந்துகொண்டு, விரைவாக ஊசி போட்டுவிட்டு, தனியிடம் சென்று உடம்பு சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவினார். வாரந்தோறும் அந்தச் சிறுமி வரும் நாள் அவருக்கு அச்சமூட்டும் நாளாகவே இருந்தது. வாரங்கள் சென்றன. அச்சம் சிறிது சிறிதாகக் குறைந்தது; முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நிற்க முடிந்தது. சிறுமியின் புண்கள் ஆறத் தொடங்கின. அவள் நிமிர்ந்து பார்த்தாள், நம்பிக்கையோடு பார்த்தாள். இருவரும் இரண்டொரு மராத்திச் சொற்கள் பேசினர், கைகளைப் பற்றிக்கொண்டனர். முடிவில் அந்தக் குழந்தைக்கு முத்தம் கொடுத்தபோது, தாம் தூய்மை இழந்துவிட்டதாக அவருக்குத் தோன்றவேயில்லை. இந்நிகழ்ச்சியை அவருடைய மகன், 1995இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பொன்றில், தாயே பேசுவதாக அமைத்துச் சொல்லியிருக்கிறார்.

இங்கே சற்று நிற்போம். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. அதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டார். தொட்டவுடன் பற்றிக்கொள்ளும் நோய் அன்று அது. மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அதனைத் தடுக்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. 1940களிலிருந்து மருந்தும் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியரான அம்மையாருக்கு இவை தெரியாதவை அல்ல. தெரிந்தும் அவர் உடம்பு பின்வாங்கியது. அறிவு சொல்லுவதை உடம்பு கேட்பதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை அவருக்குக் கொடுத்தவர் யார்? அந்தச் சிறுமிதான். முதல் நாள் அவர் விலகிப் போனதை அவள் பார்த்திருப்பாள். முகமூடியையும் அவசரத்தையும் பார்த்திருப்பாள். இத்தகைய நோய் கண்டவர்களுக்கு அந்தப் பார்வை நன்கு தெரியும். ஊரில் எல்லோரிடமும் அதைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா? ஆயினும் அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். தன்னைக் கண்டு அருவருத்த ஒருவரிடம் தன் கையை மீண்டும் மீண்டும் நீட்டினாள். மருந்து கொடுத்தவர் செவிலியர் என்றுதான் நாம் கணக்கு எழுதுவோம். பொறுத்துக்கொண்டவள் சிறுமி என்ற வரவு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. திரும்பி வரும் தொண்டர்கள், கொடுத்ததைவிடப் பெற்றது மிகுதி என்னும்போது அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இவ்வாறு எழுதப்படாத வரவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தம் அறியாமையையும் அருவருப்பையும் மொழித் தவறுகளையும் ஊரார் பொறுத்துக்கொண்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அம்மையார் விக்ரோலியில் ஒரு தோட்டக்காரரின் சிறுமகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு ஈடாகத் தோட்டக்காரர் அவருக்குக் காய்கறியும் பூவும் கொண்டுவந்து தருவார். அந்தக் காய்கறிகளை அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். 'ஏழையிடம் நான் வாங்குவதா?' என்று எண்ணியிருக்கலாம்; அது பெருந்தன்மை போலவும் தோன்றியிருக்கும். ஆனால் வாங்கிக்கொண்டார். அவருக்கு அவை உண்மையாகவே தேவைப்பட்டன. கையில் பணம் நிறைந்திருந்தால் அந்தக் கீரைக்கட்டு ஓர் அன்பளிப்பாக மட்டும் இருந்திருக்கும். பணம் குறைந்திருந்ததனால் அது அன்றைய உணவாயிற்று. தோட்டக்காரரும் தம் மகளின் படிப்பைப் பிச்சையாகப் பெறவில்லை; விலை கொடுத்துப் பெற்றார். வந்தியின் பிட்டு என்று முன்னே சொன்னேனே, அது இதுதான்.

இவ்வளவு சொன்னதனால், துன்பமே நன்மை என்று நான் கூறுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. நன்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது. அந்தச் சிறுமியின் புண் ஆறியது மருந்தினால், புன்னகையினால் அன்று. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் உலகெங்கும் எத்தனையோ இலட்சம் பேர் தொழுநோயிலிருந்து விடுபட்டனர். குடம் சுமக்கும் பெண்ணின் முகம் நமக்குத் தெரிகிறது என்பதற்காக அவள் காலமெல்லாம் குடம் சுமந்துகொண்டே இருக்க வேண்டுமா? அவளைக் கேட்டால், எனக்கு நன்றி வேண்டாம், குழாய் போடுங்கள் என்பாள். 'அவர்கள் ஏழைகளாயிருந்தும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!' என்று வியந்து எழுதும் தொண்டரைக் காணும்போது எனக்குச் சிறிது ஐயம் உண்டாகும். விருந்தினர் முன்னிலையில் வீட்டார் சிரித்த முகத்தோடுதான் இருப்பார்கள். அந்தச் சிரிப்பு விருந்தோம்பல். தங்கள் நிலைமையைப் பற்றி அவர்கள் அளித்த தீர்ப்பு அன்று.

இன்னொன்றும் உண்டு. தொண்டரின் துன்பமும் ஊராரின் துன்பமும் ஒரே கொசு கடிப்பதனாலேயே ஒன்றாகிவிடா. தொண்டரின் பெட்டியில் திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு இருக்கிறது. கடுங்காய்ச்சல் கண்டால் அவரை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு இருக்கிறது. ஈராண்டு என்ற எல்லை இருக்கிறது. எல்லை தெரிந்த துன்பத்தைச் சகித்துக்கொள்ளுவது எளிது. அயல்வீட்டாருக்கு அந்த எல்லை இல்லை. இந்த வேறுபாட்டை ஒரு தொண்டர் மறக்காதிருக்கும் வரையில் அவருடைய நன்றி நேர்மையாக இருக்கும். மறந்துவிட்டால், தாமும் அவர்களைப் போலவே வாழ்ந்ததாகப் பெருமை பேசத் தொடங்கிவிடுவார்.

உங்களுள் சிலர் படிப்பு முடிந்தபின் இத்தகைய பணிக்குச் செல்லக்கூடும். கடல் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதில்லை. அடுத்த மாவட்டத்து மலைக் கிராமமும் சிலருக்கு அயல்நாடுதான். போகும்போது எதை எடுத்துச் செல்லுவது என்று நிறையப் பேர் அறிவுரை கூறுவார்கள். எதை வாங்கிக்கொள்ளுவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். உங்கள் பேச்சை ஒரு குழந்தை திருத்தினால், திருத்திய சொல்லை அதன் எதிரிலேயே ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். இவற்றுக்கு நேரம் ஏது, நான் வேலை செய்ய வந்தவன் அல்லவா என்று தோன்றும். அந்த மருத்துவ விடுதியிலும் வேலைக்குக் குறைவில்லை.

1968 ஆகஸ்டு 15ஆம் நாள் லில்லியன் கார்ட்டர் அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது. இந்தியா தன் சுதந்திர தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த அந்நாளில் அவர் தம் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு இன்றியமையாதவை என்று எண்ணியிருந்த பொருள்களையும் மனிதர்களையும் விட்டு இவ்வளவு தொலைவு வந்த இடத்தில், வாழ்க்கை என்பது என்ன என்பதைத் தாம் கண்டதாக அதில் கூறினார். தம்மைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுவதையும், அவர்கள் தரும் அன்பை ஏற்றுக்கொள்ளுவதையும் சேர்த்தே குறிப்பிட்டார். பகிர்ந்துகொள்ளுதலைப் பற்றிப் பேசாத பெரியவர்கள் இல்லை. ஏற்றுக்கொள்ளுதலையும் உடன் சேர்த்தது, விக்ரோலியில் 21 மாதம் வாழ்ந்தவரின் கை எழுதியது.

அவ்வாண்டே அவர் உடல் மெலிந்து ஊர் திரும்பினார். பிறகு தம் மாநிலத்திலே பல ஊர்களுக்கும் சென்று, தேவாலயங்களிலும் சங்கங்களிலும் இந்தியாவில் தாம் கண்ட மனிதர்களைப் பற்றிப் பேசிவந்தார். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் 1977 ஜனவரியில் அமெரிக்க அதிபராகப் பதவி ஏற்றார். அடுத்த மாதமே நம் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது மறைந்தார். அமெரிக்காவின் சார்பில் இறுதி மரியாதை செலுத்தப் புது தில்லிக்கு வந்து சேர்ந்த குழுவிலே, விக்ரோலித் தோட்டக்காரரிடம் காய்கறி வாங்கிக்கொண்ட அந்த அம்மையாரும் இருந்தார்.